பூனைக்குப் பச்சைப் புள்ளி

1

மக்கனின் இதயம் சிறுத்திருக்கிறது. போன வியாழக்கிழமை டாக்டர் இரண்டு எக்ஸ்ரே படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் அடுத்தடுத்துப் பிடித்துக் காட்டினார். ஆறு மாதத்துக்கு முன்னால் எடுத்த படத்தில் நெஞ்சுக்கூட்டை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் திட்டு. புதிய படத்தில் அது பெரிய நெல்லிக்காய் அளவுக்கு வந்திருந்தது.

அன்று சாயங்காலம் சங்கரன்கோவிலிலிருந்து பெரியப்பா மகன் போன் செய்தான்.

"என்னல தம்பி, அந்தமான்ல என்ன விசேஷம்?"

"எங்க பூனைக்கு நெஞ்சு வீக்கம் கொறஞ்சிருக்குண்ணே."

"லைன் சரியில்ல போல" என்று வைத்துவிட்டான்.

நான் இந்தத் தீவுக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. போர்ட் பிளேருக்குப் பெயரை மாற்றிவிட்டார்கள். அலுவலகக் காகிதத்தில் புதுப் பெயரும் வாயில் பழைய பெயருமாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஊர்க்காரர்கள் எதிர்பார்ப்பது கடலைப் பற்றியும் சிறைச்சாலையைப் பற்றியும் ஏதாவது. இருபத்திரண்டு வருஷத்தில் சிறைச்சாலைக்கு நான் போனதெல்லாம் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டுதான். என் வாழ்க்கை லம்பா லைன் பகுதியில் இரண்டாவது மாடி அரசுக் குடியிருப்பு, அலுவலக ஸ்டோர், கப்பல் எப்போது வரும் என்ற விசாரணை. ஆகவே பூனையைப் பற்றியே எழுதுகிறேன். அண்ணன் வைத்துவிட்ட போனின் மிச்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

2

நான் ஸ்டோர் கீப்பர். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் பெட்டிகளைப் பிரித்து, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண், எடை எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஒரு பெட்டி நனைந்திருந்தால் வாங்க மாட்டேன். மேலதிகாரி சொன்னாலும் வாங்க மாட்டேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கதைக்கு அது தேவைப்படுவதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மக்கன் எங்களிடம் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். எங்கள் அலுவலகத்து வங்காளி அம்மாள் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, ஏழெட்டு மாதத்து வெள்ளை ஆண்பூனையை என் மகள் அபியின் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அபி அப்போது பத்தாம் வகுப்பு. இங்கே பிறந்தவள். எங்களிடம் தமிழ், பள்ளியில் இந்தி, கோபம் வந்தால் இந்தி, பூனையிடம் இந்தி மட்டும். மக்கன் என்றால் வெண்ணெயாம். என் மனைவி கோமதி முதல் நாளே அதை 'மக்கு' ஆக்கிவிட்டாள். அது இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கும்.

அடுத்த வாரம் அபி ஊரிலிருக்கும் என் அக்காவிடம் போனில், "அத்தை, எங்க வீட்டுல இப்ப பில்லி இருக்கு" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டாள். இந்தியில் பில்லி என்றால் பூனை என்பது அக்காவுக்கு எப்படித் தெரியும்?

அக்கா என்னைக் கூப்பிட்டாள். "ஏல, வீட்டுக்குள்ளயே பில்லி வச்சிருக்காம்லா! எந்தப் பாவி வச்சது? ஆபீஸ்ல ஒன்னப் புடிக்காதவன் எவனும் இருக்கானா?"

விளக்கிச் சொல்லியும் அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பத்தாம் நாள் மந்திரித்த கறுப்புக் கயிறு தபாலில் வந்தது. அபி அதை மக்கனின் கழுத்தில் கட்டிப் படம் எடுத்து அனுப்பினாள்.

நாங்கள் சைவம். முட்டை கூடக் கிடையாது. சுற்றிலும் கடல் இருக்க, கப்பலில் வரும் கத்தரிக்காய்க்குக் காத்திருக்கும் ஆள் என்று அலுவலகத்தில் என்னைக் கேலி செய்வார்கள். கோமதி பூனையை மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"பூனை கெடக்கட்டும். மீன் வாடை மட்டும் இந்த வாசலத் தாண்டப்பிடாது."

வங்காளி அம்மாள் கொடுத்துவிட்டுப் போன தீனி ஒரு மாதம் வந்தது. பையை வாய் கட்டி பால்கனியில் வைத்திருந்ததால் கோமதி பொறுத்துக்கொண்டாள். அது தீர்ந்ததும் நான் பத்துபஸ்தி கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு தூத்துக்குடி அண்ணாச்சி, மளிகைக் கடைக்குப் பின்பக்கம் வளர்ப்புப் பிராணிகளுக்கென்று தனியாக அலமாரி வைத்திருக்கிறார். கீழ்த்தட்டில் ஒரு பை. அதில் பச்சைப் புள்ளி. சுத்த சைவம்! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தேன். தேதி சரி. பேட்ச் எண் சரி. சீல் சரி. புரதம், வைட்டமின் என்று பட்டியல் நீளமாக இருந்தது. எந்தப் பிராணிக்கு என்பதைத் தவிர எல்லாவற்றையும் படித்தேன்.

வீட்டில் அபி பார்த்துவிட்டாள். "அப்பா, யே தோ குத்தே கா ஹை. இது நாய்க்கு உள்ளது."

"நாலு கால், ஒரு வாலு. சத்து எல்லாத்துக்கும் ஒண்ணுதான்" என்றேன்.

அவள் மேலே பேசவில்லை. சரக்கு விஷயத்தில் அப்பாவுக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பாள்.

3

பதினான்கு மாதம் மக்கன் அதைத் தின்றது. மேலே கொஞ்சம் தயிர் ஊற்றினால் மறுப்பே இல்லை. கீழே தெருநாய்கள் இருப்பதால் அதை வெளியே விடுவதில்லை. எலியோ பல்லியோ பிடித்துத் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளவும் அதற்கு வழியில்லை. நாங்கள் போட்டதுதான் சாப்பாடு.

முதலில் கவனித்தவள் அபிதான். பட்டப்பகலிலும் அதன் கண்மணி முழுசாக விரிந்தே இருந்தது. "எவ்ளோ அழகா இருக்கு பாருங்க" என்று படம் எடுத்தாள். பிறகு ஒரு நாள், இடம் மாற்றிப் போட்டிருந்த நாற்காலியில் மக்கன் முட்டிக்கொண்டது. மறுநாளும் முட்டியது.

"அப்பா, மக்கனுக்குச் சரியா தெரியலப்பா."

"வளர்ற புள்ள, வேகமா ஓடுது. வேறொண்ணுமில்ல."

இப்படிச் சொன்னவனும் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தரையிலிருந்து வாஷிங் மெஷின் மேல் தாவியது. தினமும் தாவுகிற இடம். அன்றைக்கு விளிம்பில் நெஞ்சு இடித்து மல்லாக்க விழுந்தது. விழுந்த இடத்திலேயே படுத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. பூனை நாய் மாதிரி வாயைத் திறந்து இரைப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விலா இரண்டும் ஏறி ஏறி இறங்கின. கோமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அதன் முதுகில் கை வைத்தாள். அவள் அதைத் தொட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"பாத்துக்கிட்டே நிக்கியளே, வண்டிய எடுங்க" என்றாள்.

காய்கறிக் கூடையில் துண்டை விரித்து மக்கனைப் படுக்க வைத்தோம். அபி கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாள். வழியெல்லாம் இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். வேண்டுதலா சமாதானமா என்று எனக்குப் புரியவில்லை.

4

டாக்டர் முப்பது வயதுப் பெண். தெலுங்குக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். நோயாளியின் சொந்தக்காரர் எந்த மொழியோ அந்த மொழியில் பாதியும் இந்தியில் பாதியும் பேசுவார். ஊசி போட்டு, மூக்கில் பிராணவாயு வைத்து, மூச்சு கொஞ்சம் அடங்கியபின் படம் எடுத்தார். கண்ணுக்குள் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார்.

"சார், க்யா கிலாதே ஹோ? என்ன சாப்பாடு?"

நான் பெருமையோடுதான் சொன்னேன். "நல்ல கம்பெனி, மேடம். சீல் போட்ட பை. சுத்த வெஜிடேரியன்."

விளக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பூனைக்கா?"

"எங்க வீட்டுல நாங்க..."

"சார், அந்தமான்ல ஒக்காந்துட்டு பூனைக்கு மீன் இல்லையா?" கோபமில்லை. நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை.

பிறகு பொறுமையாகச் சொன்னார். டாரின் என்று ஒரு சத்து. அது இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. செடி கொடியில் கிடையாது. நாயின் உடம்பு அதைத் தானே பெரும்பாலும் செய்துகொள்ளும். பூனையின் உடம்பால் போதுமான அளவுக்குச் செய்துகொள்ள முடியாது. வெளியிலிருந்து கிடைக்காவிட்டால் மெல்ல மெல்லக் கண்ணின் பின்திரை அழியும், இதயம் தளர்ந்து ஊதும்.

"ஹார்ட் திரும்பி வர சான்ஸ் இருக்கு, சார். இன்னைக்கே சாப்பாடு மாத்தணும். கண்ணு போனது போனதுதான். மிச்சம் இருக்கறத காப்பாத்தலாம்."

அபி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "இவ அன்னைக்கே சொன்னா, மேடம். நாய்க்குள்ளதுன்னு சொன்னா. நான்தான் கேக்கல."

இருபத்திரண்டு வருஷத்தில் நான் தவறாகக் கையெழுத்துப் போட்ட ஒரே சரக்கு, என் வீட்டுக்குள் வந்த பை.

"அப்ப மீன் வாங்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டேன்.

"பச்சை மீன் மட்டும் போட்டா அது வேற தப்பு" என்று சிரித்தார். "பூனைக்குன்னே செஞ்ச முழு சாப்பாடு வாங்குங்க. லேபிள் படிங்க. அது உங்களுக்கு வரும்ல?"

5

வீட்டுக்கு வந்து கோமதியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று படிக்கட்டு முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். பால்கனிக் கதவை அடைத்து வைக்கலாம், தனித் தட்டு, தனிக் கரண்டி, சாமி அறைப் பக்கமே கொண்டுபோகாமல்... இப்படி ஒரு திட்டம். நான் பேசிக்கொண்டே போக, அவள் கூடைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நமக்குச் சைவம், சரி. மக்குக்கு யாரு தீட்சை குடுத்தா?" என்றாள்.

"நீதான மீன் வாடை..."

"வாடை வரப்பிடாதுன்னுதான் சொன்னேன். கண்ணு போகணும்னா சொன்னேன்? போயி வாங்கிட்டு வாங்க. நாம சாப்புடுத தட்டுல மட்டும் வைக்காதிய."

படிக்கட்டில் போட்ட திட்டத்தை மடித்து வைத்துவிட்டுப் பத்துபஸ்திக்கு ஓடினேன்.

6

அண்ணாச்சி கடையில் அன்று ஒன்றரை மணி நேரம் நின்றேன். இப்போது பூனை வைத்திருக்கும் தமிழர்கள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் சொல்கிறேன்.

அண்ணாச்சி முதலில் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வைத்தார். பெரிய மூட்டையைப் பிரித்துச் சில்லறையாகக் கட்டியது.

"எல்லாரும் இதத்தான் வாங்குதாவ சார். மூட்டையில உள்ள அதே சரக்கு."

"மூட்டையக் காட்டுங்க, அண்ணாச்சி."

"அது கிழிஞ்சு போச்சே."

"அப்ப என்னைக்கு செஞ்சது, என்னைக்கு வரைக்கும் ஆகும், யாரு செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?" பையைப் பிரித்து முகர்ந்தேன். பழைய எண்ணெய்க் காறல். எட்டு மாதம் மழை பெய்யும் ஊரில் திறந்த மூட்டைக்கு வேறெந்த வாசம் வரும்?

அடுத்து, வெளிநாட்டுப் பூனை ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வழவழப்பான சிறிய பாக்கெட்டுகள். விலையைப் பார்த்தால் நல்ல சரக்கு என்று தோன்றும். பின்பக்கம் பொடி எழுத்தில், இது துணைத் தீனி மட்டுமே என்று இருந்தது. நம் வீட்டு முறுக்கு மாதிரி. முறுக்கைத் தின்று யாரும் வளர முடியாது. 'முழுமையானது, சமச்சீரானது' என்ற சொல் பையில் இருக்க வேண்டும். பூனைக்கு என்று இருக்க வேண்டும். குட்டிக்கா, வளர்ந்ததற்கா என்றும் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் அன்று முதலில் பார்த்தேன்.

அதன்பின் சேர்மானப் பட்டியல். அதிகம் சேர்ப்பது எதுவோ அதுதான் முதலில் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சில பைகள் சோளத்தில் ஆரம்பித்தன. ஒன்று கோழி என்று பெயர் சொல்லி ஆரம்பித்து, கடைசி வரிசையில் டாரினையும் தனியாகச் சொல்லியிருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தேன். தயாரித்தவரின் முழு முகவரி இருந்தது. காலாவதிக்கு இன்னும் பத்து மாதம். இங்கே அது முக்கியம். கப்பல் தாமதமாகி, கிடங்கில் கிடந்து, கடைக்கு வரும்போது பாதி ஆயுள் போயிருக்கும். மெயின்லேண்டில் இருப்பவர்கள் தேதியை ஒருமுறை பார்த்தால் போதும். நாங்கள் இரண்டு முறை பார்க்க வேண்டும்.

டப்பாக்களையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். கடல்காற்றில் ஒன்றின் விளிம்பு துருப்பிடித்திருந்தது. இன்னொன்று மேல்மூடி லேசாக உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் டொக்கென்று உள்ளே போய் மறுபடி எழும்பியது.

"இத யாருக்கும் குடுத்துராதிய அண்ணாச்சி. உள்ள கெட்டுப்போயிருக்கு."

அண்ணாச்சி வாங்கி, தானும் அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது. உப்பியதையும் துருப்பிடித்ததையும் எடுத்துக் கல்லாவுக்கு அடியில் தனியாக வைத்தார். பிறகு அந்தச் சில்லறைப் பைகளைக் கூடையோடு உள்ளே தூக்கிக்கொண்டு போனார். நான் அதைச் சொல்லவே இல்லை.

"எனக்கு இதெல்லாம் தெரியாது சார். கேட்டா எடுத்துக் குடுப்பேன், அம்புட்டுதான். இனிமே சரக்கு எறங்கும்போது ஒரு எட்டு வந்து பாத்துருங்களேன்" என்றார்.

இப்போதும் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன்.

7

அந்தக் கோழிப் பையோடு, பார்த்தெடுத்த டப்பா ஒன்றும் வாங்கி வந்திருந்தேன். அதைத் திறப்பது யார்? அபி திறப்பதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். பதினான்கு மாதம் நான் போட்டது. இதையும் நான்தான் போட வேண்டும்.

பால்கனியில் உட்கார்ந்து வளையத்தை இழுத்தேன். சூரை மீன். ஐம்பத்தொரு வயதில் முதன்முறையாக அந்த வாடை இவ்வளவு பக்கத்தில். தலையைத் திருப்பி இரண்டு முறை மூச்சை இழுத்துவிட்டுக் கரண்டியால் அள்ளித் தட்டில் வைத்தேன். மக்கன் அறைக்குள்ளே, துண்டின் மேல், பாதி மயக்கத்தில் கிடந்தது. அதன் மூக்கு முதலில் அசைந்தது. பிறகு தலை எழுந்தது. கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, சுவரை ஒட்டி, மெல்ல மெல்ல நடந்து வந்து, தட்டில் முகத்தை வைத்தது.

கோமதி மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு கதவருகே நின்றாள். போகவில்லை. தட்டு காலியாகும் வரை நின்றாள்.

8

டாக்டர் இதய மாத்திரையோடு டாரின் பொடியும் எழுதிக் கொடுத்திருந்தார். தீவில் எங்கும் கிடைக்கவில்லை. இணையத்தில் தேடினால், எல்லாத் தளங்களும் பணம் வாங்குவதற்கு ஒரு படி முன்னால், இந்தப் பின்கோடுக்கு அனுப்ப இயலாது என்று கைவிரித்தன. சென்னையில் இருக்கும் கோமதியின் தம்பி வாங்கி அனுப்பினான். நல்ல பிள்ளை, பாட்டில் உடைந்துவிடும் என்று பொடியை ஒரு பிளாஸ்டிக் உறையில் கொட்டி அனுப்பிவிட்டான். லேபிள் இல்லாத வெள்ளைப் பொடி. பார்சல் தபால் நிலையச் சோதனையில் நின்றுவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் உறையைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று இந்தியில் கேட்டார். பூனையின் இதயத்துக்கான மருந்து என்று சொல்ல வேண்டும். 'பில்லி கா தில்' என்றால் போதும். பதற்றத்தில் என் வாயிலிருந்து வந்தது, "தில்லி கா பில், சார்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டெல்லியிலிருந்து எந்த பில், எந்தத் துறை, எவ்வளவு நாளாக நிலுவை என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். இருபத்திரண்டு வருஷ இந்தியும் அந்த நேரத்தில் என்னைவிட்டுப் போய்விட்டது. கடைசியில் போனை எடுத்து மக்கனின் படத்தைக் காட்டி, நெஞ்சில் கையை வைத்து, மூச்சு வாங்குவது போல நடித்துக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், கறுப்புக் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொடி வெடிக்காது, போதை தராது, பூனைக்கு மட்டுமே என்று ஒரு உறுதிமொழி, மூன்று பிரதிகளில். டாக்டர் சீட்டு நகலோடு கொடுத்த மறுநாள் பொடி கைக்கு வந்தது. வரும்போது, "பில்லி கைசி ஹை அப்?" என்று நலம் விசாரித்தார். தில்லி நலமாக இருக்கிறது என்று சொல்லிவிடாமல் கவனமாகப் பதில் சொன்னேன்.

9

மக்கனுக்குக் கண் திரும்பவில்லை. நல்ல வெளிச்சத்தில் அசைவது தெரிகிறது; மங்கலில் மீசையால் தடவித்தான் நடக்கிறது. நாங்கள் நாற்காலிகளை இடம் மாற்றுவதில்லை. வாஷிங் மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறோம். இப்போது ஸ்டூலில் ஏறி, அங்கிருந்து மெஷினில் ஏறி, அதன் பழைய இடத்தில் படுத்துக்கொள்கிறது. மூச்சு சீராக இருக்கிறது. மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள்.

எக்ஸ்ரே பார்த்துவிட்டு வந்த வியாழக்கிழமைக்கு மூன்றாம் நாள் அபி கல்லூரிக்காகச் சென்னை கிளம்ப வேண்டியிருந்தது. விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. புதன்கிழமை விடுதிப் படிவம் பூர்த்தி செய்யும்போது, உணவு என்ற கட்டத்தில் நான் சைவம் என்று எழுதியிருந்தேன். அவள் அதை இரண்டு நாள் அப்படியே மேசையில் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை சாப்பாட்டின்போது, கோமதி மோர் எடுக்க உள்ளே போன நேரம், படிவத்தை என் பக்கம் தள்ளினாள்.

"அப்பா, நாராஸ் மத் ஹோனா. கோச்சுக்காதீங்க. நான் மீன் சாப்பிடுவேன்."

"எப்பலேர்ந்து?"

"எய்த் கிளாஸ்லேர்ந்து. ஸ்கூல்ல பிரண்ட்ஸ் டிபன்ல. எல்லாரும் சாப்பிடுவாங்கப்பா."

எனக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொன்னால் பொய். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்ட பிள்ளை, இப்போது வாயைத் திறந்து சொல்கிறாள் என்பதும் அதே நேரத்தில் உறைத்தது. பேனாவை எடுத்தேன். நான் எழுதியிருந்ததை அடித்து, பக்கத்தில் மாற்றி எழுதி, அடித்த இடத்தில் சிறு கையெழுத்தும் போட்டேன்.

மோரோடு வந்த கோமதி படிவத்தைப் பார்த்தாள், எங்கள் இருவரையும் பார்த்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

"சென்னையில கடல்லேர்ந்து வந்து எத்தனை நாளான மீனப் போடுவாவளோ" என்றாள். "ஏட்டி, செவுளு செவப்பா இருக்கான்னு கேட்டுட்டுச் சாப்புடு."